அடைச்சுக்கிட்டா யாருங்க இறங்குவாங்க?

ஆய்வுக்குப் போகிற நாளில் சாயப்பட்டறைக்குள் நுழைந்ததும் என் மூக்குக்கு முதலில் எட்டுவது பெரும்பாலும் சுண்ணாம்பு வாசம்தான். சுவருக்கு 14 மாதத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. எங்கள் திருப்பூரில் பலர் அதை ஆய்வுக்கு முந்தின நாள் அடிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். கூடவே மடிப்புக் கலையாத ஏப்ரன், உறை பிரிக்காத கையுறை, ஸ்டிக்கர் கிழிக்காத ஹெல்மெட். எனக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. விருந்தாளி வந்தால் நம் வீட்டிலும் முன்கூடத்தைத்தான் பெருக்குகிறோம். நமக்கு வேலை புழக்கடையில்.

12 வருடத்துக்கு மேலாகத் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வு வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பட்டறையின் லேபில் ஷேடு, அதாவது சாய நிறம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்கு இங்கே கிடைக்கிற வழக்கமான வேலை அது. இந்தத் துறைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால், ஆய்வை நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

உள்ளே வருகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு ஆய்வாளராக வேண்டுமானால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தேர்வாணையம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். அதற்குப் பொறியியல் படிப்பு தேவை. கம்பெனியில் சேஃப்டி ஆபீசராக வேண்டுமானால், டிகிரியோ டிப்ளமோவோ படித்துக் கொஞ்ச காலம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஒரு டிப்ளமோ முடிக்க வேண்டும். சென்னைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அதை ஓராண்டுப் படிப்பாக நடத்துகிறது. பழைய சட்டப்படி பொதுவாக 1000 தொழிலாளர் இருந்தால்தான் சேஃப்டி ஆபீசர் கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 500 ஆகவும், அபாயகரமான தொழிலில் 250 ஆகவும் குறைத்திருக்கிறது. இங்கே பெரும்பாலான சாயப்பட்டறைகளில் அவ்வளவு பேர் கிடையாது. அதனால்தான் வெளியிலிருந்து என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். சிலர் தாமாக, பலர் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்டதால்.

சரி, வேலைக்கு வருவோம்.

பையில் என்ன இருக்க வேண்டும்? நல்ல டார்ச். பென்சில், ஏனென்றால் நீராவியில் பேனா மை கசியும். நுனியில் கனமான நட்டு கட்டிய நூல். தொட்டியின் ஆழத்தை யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். நான்கு வாயு காட்டும் மீட்டர், அதோடு பொருத்துகிற நீளமான குழாய். மீட்டரை வெளியே திறந்த வெளியில் வைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும். பாய்லர் பக்கத்தில் நின்று ஆன் செய்தால் அங்கே இருக்கிற காற்றையே அது சுத்தமான காற்று என்று நினைத்துக்கொள்ளும். இரும்பு முனை ஷூ. பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று: துப்பட்டா பைக்குள்ளேயே இருக்கட்டும். பெல்ட் ஓடுகிற இடத்தில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்று மற்றவர்களுக்கு மெஷினின் ஓடுகிற பாகத்தை மறைக்கிற கார்டைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது.

மேனேஜர் உங்களைத் துணி போகிற வழியில் கூட்டிப்போவார். சாயம் ஏறாத கோரா துணி குடோன், சாயம் ஏற்றுகிற சாஃப்ட்ஃப்ளோ மெஷின், டிரையர், துணியை விரித்துச் சமன் செய்கிற ஸ்டென்டர், கடைசியில் ஏசி அறையில் செக்கிங் டேபிள், டீ, பிஸ்கட். அதில் ஆபத்தான இடங்களில் பாதிதான் வரும். நீங்கள் தண்ணீர் போகிற வழியில் நடங்கள். தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எதில் சூடாகிறது, எதோடு கலக்கிறது, எந்தக் குழாயில் வெளியே போகிறது என்று பின்தொடர்ந்தால் அது உங்களைக் கெமிக்கல் ஸ்டோர், பாய்லர், வடிகால், கழிவுநீர்த் தொட்டி என்று யாரும் காட்ட விரும்பாத இடமெல்லாம் கூட்டிப்போகும்.

ஒவ்வொரு இடத்திலும் நான் கேட்பது ஒரே கேள்விதான். "இது அடைச்சுக்கிட்டா, நின்னுபோச்சுன்னா, யாருங்க என்ன செய்வீங்க?" மெஷின் ஒழுங்காக ஓடும்போது நான் பார்த்த வரையில் யாருக்கும் பெரிதாக அடிபட்டதில்லை. நின்ற பிறகு, அதை ஓட வைக்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் விரல் போகிறது, உயிர் போகிறது. இந்தக் கேள்வியை மேனேஜரிடம் கேட்காதீர்கள். அவர் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடுவோம் என்பார். மெஷின் முன்னால் நிற்கிறவரிடம் கேளுங்கள். இப்போது பாதிப்பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். என் ஹிந்தி மகா மோசம். ஆனால் "பந்த் ஹோ கயா தோ?" (நின்னுபோச்சுன்னா?) என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டினால் போதும், என்ன செய்வார்கள் என்று நடித்தே காட்டிவிடுவார்கள். அந்த நடிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருமுறை ஹைட்ரோ முன்னால் நின்று இப்படிக் கேட்டேன். ஈரத் துணியைக் கூடையில் போட்டுச் சுழற்றித் தண்ணீர் எடுக்கிற மெஷின் அது. மூடி திறந்தால் மோட்டார் நின்றுவிட வேண்டும். கரண்ட் நின்றாலும் கூடை சும்மா இராது, கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதை ஓட்டுகிற பையன் மூடியைத் தூக்கி, துணியின் நுனியைப் பிடித்து இழுக்கிற மாதிரி கையைச் சுழற்றிக் காட்டினான். மூடி திறந்திருக்கும்போது மெஷின் எப்படி ஓடும் என்று குனிந்து டார்ச் அடித்தேன். மூடி திறந்தால் மோட்டாரை நிறுத்துகிற, மூடியின் விளிம்பில் இருக்கிற லிமிட் ஸ்விட்சை ஒரு துண்டுப் பனியன் வேஸ்ட் துணியால் அழுத்திக் கட்டியிருந்தார்கள். மேனேஜர், "இன்னைக்குக் காலைலதாங்க மேடம் எவனோ கட்டியிருக்கான்" என்றார். அன்று ஓடிக்கொண்டிருந்தது கறுப்புச் சாயத் துணி லாட். முடிச்சைப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், ராயல் ப்ளூ எல்லாம் அடுக்கடுக்காக ஊறியிருந்தது. எத்தனை லாட் ஓடியிருக்கிறது என்று முடிச்சே சொல்லிவிட்டது. இப்படி எதையாவது கண்டால் போட்டோ எடுங்கள், தேதி நேரத்தோடு. அப்புறம் அதை அவிழ்க்கச் சொல்லி, மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கிறதா என்று உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கெமிக்கல் ஸ்டோரில் கண்ணை மேலே தூக்குங்கள். எல்லாரும் டிரம்மில் லேபிள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கூரையைப் பார்ப்பதில்லை. சாயத்தை நீக்குகிற ஹைட்ரோஸ் பொடி டிரம்முக்கு மேலே ஷீட்டில் ஓட்டை இருந்தால் லேபிள் என்ன செய்யும்? அந்தப் பொடியில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறிப் புகைந்து தீப்பிடிக்கும். மூச்சை அடைக்கிற கந்தக டையாக்சைடு கிளம்பும். ஈரமான கரண்டியை உள்ளே விட்டாலே போதும். அதனால் டிரம் மரப்பலகை மேல் நிற்கிறதா, மூடி இறுக்கமா, அதற்கென்று தனியாகக் காய்ந்த கரண்டி இருக்கிறதா, துணி வெளுக்கிற பெராக்சைடு கேன் பக்கத்தில் இல்லாமல் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிட் எடுக்கிற இடத்தில் கண் கழுவுகிற குழாயை நீங்களே திறந்து பாருங்கள். நான் திறந்தவற்றில் ஒன்றில் முதலில் வெளியே வந்தது தண்ணீர் இல்லை, பல்லி.

பாய்லரில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. அதற்குத் தனி இயக்ககம் இருக்கிறது, அவர்கள் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். சான்றிதழ் தேதியைப் பாருங்கள், தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடி இரண்டும் ஒரே மட்டம் காட்டுகிறதா பாருங்கள், அட்டெண்டன்ட் சான்றிதழில் உள்ள போட்டோவும் அங்கே விறகு போடுகிறவரின் முகமும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றாவதில்தான் அதிகம் மாட்டுவார்கள். தீயணைப்பானில் ஒரு விஷயம்: கார்பன் டையாக்சைடு சிலிண்டரில் அழுத்தம் காட்டுகிற முள் கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். 'முள் பச்சையில் உள்ளது' என்று அதற்கும் டிக் அடித்து வைத்திருந்தால், அந்தப் பதிவேட்டை மேஜையில் உட்கார்ந்தே நிரப்பியிருக்கிறார்கள்.

இப்போது தொட்டிக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பருத்திக்குச் சாயம் ஏற்ற குளோபர் உப்பைக் கொட்டுகிறோம். அது சோடியம் சல்பேட். கழிவுநீரோடு தொட்டிக்குப் போய், அடியில் காற்றுப்படாத சேற்றில் தங்கும்போது, அங்கே இருக்கிற பாக்டீரியா அந்தச் சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிறது. காற்றைவிடக் கனமான வாயு, அதனால் அடியிலேயே கிடக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் அனுமதித்த அளவு 10 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு. 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. 'வாசம் போயிருச்சுங்க, இறங்கலாம்' என்று யாராவது சொன்னால் அதைவிட மோசமான அறிகுறி வேறு இல்லை. இன்னும் பல மடங்கு ஏறினால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார்.

இதை நான் பாடமாகப் படித்திருந்தேன். படித்தும் தப்புச் செய்தேன். வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு பட்டறையில் 12 அடி ஆழத் தொட்டி. பம்ப் குழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வில் பஞ்சு அடைத்துக்கொண்டு பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை. இறங்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். மீட்டரைக் கயிற்றில் கட்டி மூன்றடி இறக்கினேன். ஆக்சிஜன் 20.8, சல்ஃபைடு பூஜ்யம். கையெழுத்துப் போட்டேன். ஒருவர் இறங்கி, வால்வைச் சுற்றியிருந்த சேற்றை மண்வெட்டியால் ஒதுக்கத் தொடங்கினார். நாலைந்து தள்ளு தள்ளியிருப்பார். "அக்கா, ஒரு மாதிரியா வருது" என்றார். ஏணியில் இரண்டு படி ஏறி, அப்படியே முழங்கால் மடிந்து தொங்கினார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டோம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். அந்தக் கயிறும் நான் கட்டச் சொன்னதில்லை. அங்கிருந்த வயதான ஃபிட்டர் அண்ணன் ஒருவர், "கிணறுன்னாலும் தொட்டின்னாலும் கயிறில்லாம எறங்கக் கூடாது சாமி" என்று பிடிவாதமாகக் கட்டிவிட்டது.

என் தப்பு எது என்று புரிகிறதா? மேலே மட்டும் பார்த்தேன். ஒருமுறை மட்டும் பார்த்தேன். சேற்றைக் கலக்காமல் பார்த்தேன். வாயு சேற்றுக்குள் குமிழ் குமிழாக அடைந்து கிடந்தது, மண்வெட்டி பட்டதும் கிளம்பியது.

ஆகவே வரிசை இப்படி. முதலில் தொட்டிக்கு வருகிற வால்வையும் பம்ப் ஸ்விட்சையும் பூட்டுப் போட்டுப் பூட்ட வேண்டும். சாவி இறங்குகிறவரின் சட்டைப் பையில். தொட்டியைக் காலி செய்து, மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கழுவ வேண்டும். பிளோயர் குழாயை அடிவரை விட்டுக் காற்று அடிக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு, அதைச் செய்யவே கூடாது; ஒரு பொறி பட்டால் உடம்பில் இருக்கிற சட்டையே பந்தம் மாதிரி எரியும். அப்புறம் மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் அளக்க வேண்டும். முதலில் ஆக்சிஜன், 19.5க்குக் குறையக் கூடாது, 23.5க்கு மேல் போகவும் கூடாது. அடுத்து எரியும் வாயு, பிறகு விஷ வாயு. நீளமான மூங்கிலால் அடிச்சேற்றைக் கலக்கிவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவுதான் உண்மையான அளவு. இறங்குகிறவர் நெஞ்சில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், உடம்பில் ஹார்னெஸ் பட்டை, மேலே மூன்று கால் ஸ்டாண்டும் கப்பியும். விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. தொட்டி வாயில் பெட்ரோல் இன்ஜின் பம்ப் வைக்கக் கூடாது, அதன் புகை நேராக உள்ளே இறங்கும்.

கிணற்றுக்குள் அரிக்கேன் விளக்கை இறக்கி, அணைகிறதா என்று பார்க்கிற பழக்கம் நம் ஊர்களில் உண்டு. இங்கே அது உதவாது. ஆளைக் கொல்கிற அளவு சல்ஃபைடு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரியும். போதாததற்கு அந்த வாயுவே தீப்பிடிக்கக் கூடியது.

மேலே நிற்கிறவருக்கு ஒரே வேலை: பார்த்துக்கொண்டே நிற்பது, கயிற்றை இழுப்பது. டீ வாங்கப் போகக் கூடாது, போன் பேசக் கூடாது, எது நடந்தாலும் இறங்கக் கூடாது. முதல் ஆள் விழுந்தவுடன் அவரைத் தூக்க இரண்டாவது ஆள் குதிப்பதும், அவரைத் தூக்க மூன்றாவது ஆள் குதிப்பதும்தான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பெரும்பாலும் அண்ணன் தம்பியாக, ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். "உங்க தம்பி உள்ள விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மேலே நிற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். குதிப்பேன் என்று சொன்னால் அவரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

தொழிலாளர் விடுதியின் செப்டிக் டேங்கையும் விட்டுவிடாதீர்கள். பட்டறைக் கணக்கில் அது வராது என்பார்கள். பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம். காண்ட்ராக்ட் ஆள் என்று கைகழுவ முடியாது.

சுற்றுச்சூழல் பக்கத்துக்குத் திருப்பூரில் ஒரு சரித்திரமே இருக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயம் ஓடி, ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியாகி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாமல் சுத்திகரித்துக் காட்டியவர்கள்தான் மறுபடி திறந்தார்கள். நான் லேபில் இருந்த காலம் அது. சம்பளம் வராத மாதங்கள் நன்றாக நினைவிருக்கின்றன.

இதில் ஆய்வு என்றால் பெரும்பாலும் கூட்டல் கழித்தல்தான். ஆர்.ஓ. வடிகட்டியில் கழித்த உப்புத்தண்ணீர் 40,000 லிட்டர் என்று ஒரு பதிவேட்டில் இருக்கும். அதைக் காய்ச்சி வற்றவைக்கிற எவாப்பரேட்டர் ஓடிய மணி நேரத்தையும் எரித்த விறகையும் பார்த்தால் 15,000 லிட்டருக்கு மேல் காய்ச்சியிருக்க வழியில்லை என்று தெரியும். மீதி எங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள். முடிந்தால் மழை பெய்கிற நாளில் ஒருமுறை போய் மழைநீர் வடிகாலின் கடைசி முனையைப் பாருங்கள். சுத்திகரிப்பில் தங்குகிற ஸ்லட்ஜ் கசடு மூட்டைகளை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூட்டையில் தேதி எழுதியிருக்கிறதா, அல்லது மூட்டை மேல் செடி முளைத்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் அறையில் உட்காராதீர்கள். பெண்கள் கழிவறைக்குப் போவது என் ஆய்வில் முக்கியமான பகுதி. தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது ஒரு பக்கம். அங்கேதான், "அக்கா, மேனேஜர்கிட்ட சொல்லிறாதீங்க" என்று ஆரம்பித்து, போன வாரம் யாருக்கு அடிபட்டது, பதிவேட்டில் எழுதாமல் எப்படி ஆட்டோவில் அனுப்பினார்கள் என்பதெல்லாம் காதுக்கு வரும். இரண்டு நாள் வேலைக்கு வர முடியாத அளவு அடி என்றால் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பதுதான் விதி. யார் சொன்னார்கள் என்று தெரிகிற மாதிரி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட வரக் கூடாது. வருகைப் பதிவேட்டில் நீங்களே தற்செயலாகக் கண்டுபிடித்த மாதிரி அந்த இடத்துக்குப் போய்ச் சேருங்கள். கிளம்பும்போது காரில் ஒரு பை டி-ஷர்ட் ஏறியிருக்கும். இறக்கி வைத்துவிடுங்கள். டீ குடித்ததோடு கணக்கு முடிந்தது.

ரிப்போர்ட்டில் 'பாதுகாப்பு விழிப்புணர்வு போதவில்லை' என்று எழுதாதீர்கள். அதை வைத்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. 'இரண்டாம் நம்பர் ஹைட்ரோவின் மூடி ஸ்விட்ச் துணியால் கட்டப்பட்டுள்ளது. மூடி திறந்த நிலையில் கூடை சுற்றுகிறது. ஸ்விட்சை மாற்றும்வரை ஓட்டக் கூடாது' என்று எழுதுங்கள். எந்த மெஷின், என்ன பழுது, யார், எந்தத் தேதிக்குள். ரிப்போர்ட் வரைக்கும் காத்திருக்க முடியாததும் உண்டு. ஆள் தொட்டிக்குள் கால் வைத்துவிட்டார் என்றால் அங்கேயே நின்று நிறுத்த வேண்டும்.

ஓனர் சொல்வார், "ஒரு நாள் நின்னா எனக்கு என்ன ஆகும்னு தெரியுங்களா மேடம்?" தெரியும். அதனால்தான் 'ஏழு பாதுகாப்புப் பொருள் வாங்குங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதில்லை. ஆளே இறங்க வேண்டாத மாதிரி மாற்ற முடியுமா என்று ஃபிட்டரோடு உட்கார்ந்து யோசிப்பேன். வால்வுக்கு முன்னால் பஞ்சைப் பிடிக்க ஒரு சல்லடைக் கூடை, கூடைக்குச் சங்கிலி, மேலிருந்தே தூக்க ஒரு கப்பி. லோக்கல் வெல்டிங் பட்டறையிலேயே முடிகிற வேலை.

போன மாதம் அப்படிச் செய்த ஓர் இடத்துக்குப் போயிருந்தேன். ஃபிட்டர் அண்ணன் பெருமையாகச் சங்கிலியைச் சுற்றினார். கூடை மேலே வந்தது, சொட்டச் சொட்ட, உள்ளே பூனைக்குட்டி அளவுக்குச் சாம்பல் நிறப் பஞ்சு.

"இனி யாரும் எறங்க வேண்டியதில்லைங் மேடம்."

"நல்லாருக்குங்ணா. சங்கிலி அறுந்து கூடை உள்ள விழுந்துச்சுன்னா?"

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டே, "அப்ப ரெண்டாவதா ஒரு கம்பி போட்டறலாம்ங்களா?" என்றார். நான் பென்சிலை எடுத்தேன்.